எப்பவும் இருக்கிறதுதான்

என் ரத்தப் பரிசோதனை முடிவை முதல் தடவை பார்க்கிற எந்த டாக்டரும் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்ப்பார். "நெஞ்சு வலிக்குதாம்மா?" என்று கேட்பார். இல்லை என்பேன். மூச்சு வாங்குகிறதா என்பார். இல்லை என்பேன். இடது கையில் வலி உண்டா என்பார். அந்தக் கையில்தான் டயாலிசிஸ் ஊசி குத்துகிறார்கள், அது என்றைக்கும் வலிக்கும் என்பேன். அவர் நம்பமாட்டார். நர்ஸைக் கூப்பிட்டு உடனே இ.சி.ஜி. எடுக்கச் சொல்வார். என் மார்பில் அந்தக் குளிர்ந்த பசையைத் தடவிக்கொண்டிருக்கும்போது, என் வீட்டுக்காரர் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கால்மாட்டில் நின்று சிரிப்பார். "எப்பவும் இருக்கிறதுதான் சார். பழைய ரிப்போர்ட்லாம் கீது, பாருங்க" என்பார்.

அந்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு வர அவர் இப்போது இல்லை. நோயாளி நான், போனது அவர். மனசு ஆறிவிட்டது என்று சொல்லிக்கொண்டு இதை எழுத உட்காரவில்லை. எங்களைப் போல ஒரு ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யார் கண்ணிலாவது இது பட்டால், நாங்கள் போட்ட கணக்கை அவர்கள் போடாமல் இருக்கட்டும். அவ்வளவுதான்.

என் பெயர் கிரேஸ். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் வீடு. அங்கே தொழிற்பேட்டையில் மின்விசிறிக்குக் காயில் சுற்றும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை செய்தேன். என் வீட்டுக்காரர் தேவராஜ், கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில், இரும்பைக் காய்ச்சுகிற ஃபர்னஸ் பக்கம் வேலை. முதல் ஷிப்ட் என்றால் இருட்டோடு கம்பெனி பஸ் ஏறுவார், பெரியபாளையம் வழியாகச் சுற்றிக்கொண்டு பொழுது சாய வீடு வருவார். எங்களுக்கு ஒரே பெண், பெனிட்டா. சென்னைக்கு ரயிலில் போய்க் கல்லூரியில் படிக்கிறாள்.

எனக்குக் காலில்தான் ஆரம்பித்தது. காலையில் தளர்வாக இருந்த செருப்பு சாயங்காலம் இறுக்கும். கழற்றினால் வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறோம், நீர் இறங்குகிறது என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பினேன். பிறகு சோறு பிடிக்காமல் போனது. வாயில் எந்நேரமும் இரும்பு ருசி. "என் மில்லு இரும்பு உன் வாய்க்கு எப்டி வந்துச்சு" என்று அவர் கிண்டல் செய்தார். ஒரு நாள் வேலை நேரத்தில் தலை சுற்றி, சுற்றி வைத்த காயில்கள் மேலேயே சாய்ந்துவிட்டேன்.

ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக இருந்தது. கிரியாட்டினின் என்று ஒன்றைப் பார்த்தார்கள். உடம்பு வேலை செய்யும்போது உண்டாகிற கழிவு அது. சிறுநீரகம் நல்லபடியாக இருந்தால் வெளியே தள்ளிவிடும், இல்லாவிட்டால் ரத்தத்திலேயே தங்கிப்போகும். எனக்குத் தங்கிப்போயிருந்தது. ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாகச் சொன்னார். என் வீட்டுக்காரர், "சுருங்குனது திரும்ப விரியாதாமா?" என்று கேட்டார். அந்த டாக்டரம்மா சிரிக்காமல், அவர் முகத்தைப் பார்த்து, விரியாது என்று சொன்னார். அதற்காகவே இன்றுவரை அவரிடம்தான் நான் வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன்.

தன்னுடைய சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் அன்றைக்கே கிளம்பினார். ரத்தப் பிரிவு பொருந்தவில்லை. முதல் படியிலேயே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொருந்தியிருந்தால் தலை முதல் கால் வரை அவரைச் சோதித்திருப்பார்கள், இதயத்தையும் பார்த்திருப்பார்கள். இப்போது படுத்தால் இந்த நினைப்புதான் வந்து நிற்கிறது.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை வெளியே எடுக்கும். அது ஒரு வடிகட்டிக்குள் போய்ச் சுத்தமாகி, இன்னொரு ஊசி வழியாகத் திரும்ப வரும். நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். எனக்குச் செவ்வாயும் வெள்ளியும், காலை நேரத்தில். காப்பீட்டு அட்டை இருந்ததால் பில்லைப் பற்றிய பயம் கொஞ்சம் விலகியது. ஊசி பயம் விலகவே இல்லை. ஒவ்வொரு தடவையும் குத்தும்போது நான் ஷகிலா சிஸ்டரைத் திட்டுவேன், அவர் பதிலுக்கு என்னைத் திட்டுவார். அவர்தான் அங்கே டயாலிசிஸ் டெக்னீசியன். எங்கள் சண்டையைக் கேட்கவே பக்கத்துக் கட்டில்காரர்கள் முழித்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த இரண்டு நாளும் என் வீட்டுக்காரர் இரண்டாம் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொள்வார். காலையில் வண்டியில் என்னைக் கூட்டிப்போய், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்து, வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மில்லுக்குப் போவார். ஆஸ்பத்திரியில் கூட வருகிறவரை அட்டெண்டர் என்பார்கள். மருந்து வாங்க வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும் என்றால் கதவைத் திறந்து நோயாளி பெயரைச் சொல்லி "கிரேஸ் அட்டெண்டர்" என்று கூப்பிடுவார்கள். அவர் எழுந்து வருவார். நாளாக ஆக பெஞ்சில் உட்காருகிறவர்கள், டீக்கடைக்காரர், வண்டி நிறுத்துமிடத்து வாட்ச்மேன் எல்லாருக்கும் அவர் கிரேஸ் அட்டெண்டர் ஆகிவிட்டார். தேவராஜ் என்று ஒரு பெயர் இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது.

எனக்குத் தண்ணீர் அளந்துதான். சிறுநீர் பிரியாத உடம்பில் குடித்ததெல்லாம் தங்கிவிடும், தங்கியது காலுக்கும் நுரையீரலுக்கும் போகும். ஒரு நாளைக்கு உண்டான தண்ணீரை என் வீட்டுக்காரர் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார். அதற்குள்தான் காபி, மாத்திரை, ரசம் எல்லாம். வெயில் காலத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டில், ஃபர்னஸ் பக்கத்தில் நாள் முழுக்க வெந்துவிட்டு வருகிற மனுஷன், என் கண்ணெதிரில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. தெருக்குழாயில் கையேந்திக் குடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சட்டை முன்பக்கம் நனைந்திருக்கும். எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை எனக்கு மூச்சு இரைத்தது. படுத்தால் யாரோ மார்பில் உட்கார்ந்த மாதிரி. பக்கத்தில் திறந்திருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ட்ரோபோனின் அதிகம், மாரடைப்பாக இருக்கலாம் என்று ஆம்புலன்சில் ஏற்றி சென்னைக்கு அனுப்பினார்கள். என் வீட்டுக்காரர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருநின்றவூர் தாண்டும்போது, சபையில் சத்தமாக ஜெபிக்க வெட்கப்படுகிற ஆள், டிரைவருக்குக் கேட்கும்படி ஜெபித்தார். நான் சாகப்போகிறேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சாகவில்லை. அங்கே மூன்று மணி நேரம் விட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். அதே அளவு. டயாலிசிஸ் செய்து நீரை இறக்கியதும் மூச்சு சரியாகிவிட்டது. அங்கிருந்த டாக்டர் பொறுமையாக விளக்கினார். ட்ரோபோனின் என்பது இதயத் தசையில் இருக்கிற ஒரு புரதம். தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும், அதை வைத்துத்தான் மாரடைப்பைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆனால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இதயம் எந்நேரமும் நீரையும் கொதிப்பையும் சுமக்கிறது. கசிந்ததைச் சுத்தம் செய்யச் சிறுநீரகமும் இல்லை. அதனால் ஒன்றும் நடக்காத நாளிலும் அது மற்றவர்களைவிடக் கூடுதலாகவே நிற்கும். பி.என்.பி. என்று இன்னொன்று உண்டு, இதயம் நீரால் இழுபடும்போது சுரப்பது, அதுவும் அப்படித்தான். இதெல்லாம் பொய் இல்லை, இதயம் களைத்திருக்கிறது, ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றுதான் அர்த்தம். ஆனால் இன்றைக்கே மாரடைப்பு என்று அர்த்தம் இல்லை. கடைசியாக அவர் சொன்னது இது: "ஒரு தடவை எடுத்த நம்பரை வச்சு எதையும் முடிவு பண்ணக்கூடாது. அடுத்த தடவை ஏறுதா, அப்படியே நிக்குதான்னு பாக்கணும்."

என் வீட்டுக்காரர் அந்தக் கடைசி வார்த்தையை விட்டுவிட்டு, அதற்கு முந்தியதை எல்லாம் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது ரயிலில், 'மே' என்று என்னைக் கூப்பிட்டு எனக்கே பாடம் எடுத்தார். "எங்க ஃபர்னஸாண்ட கீற மீட்டரு எப்பவும் மேலதான் நிக்கும் மே. புச்சா வர்றவன் பாத்துட்டு ஓடுவான். அதுக்கெல்லாம் பயந்தா மில்லு ஓட்ட முடியுமா?" கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர்கூடத் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு அந்த ட்ரோபோனின் நம்பர் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. எழுபதுக்கு மேலே, எண்பதுக்குள்ளே. கொஞ்சம் குறைந்தால் "இளைச்சுட்டான்" என்பார், கூடினால் "சோறு ஜாஸ்தி துன்னுட்டான்" என்பார். புது டாக்டர் யாராவது பதறினால் பழைய ரிப்போர்ட்டுகளை விரித்துக் காட்டுவார். அவர்கள் சமாதானமாகிப் போவதைப் பார்க்க அவருக்கு ஒரு சந்தோஷம். பதறுகிற டாக்டரை ஆற்றுப்படுத்தத் தெரிந்துவிட்டது. அதுதான் எங்களை ஏமாற்றியது.

அது ஒரு திங்கட்கிழமை. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இருக்கிற இடைவெளிதான் பெரியது, திங்கட்கிழமை சாயங்காலம் என்றால் எனக்குக் கால் இரண்டும் தூண் மாதிரி இருக்கும். கட்டிலில் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தேன். அவர் போன் செய்தார்.

"மே, ஒண்ணும் பேஜாரு இல்ல. நெஞ்சுல லைட்டா புட்ச்ச மாரி இருந்துச்சு, தாடையெல்லாம் வலி. இன்சார்ஜு இங்க பக்கத்துல ஆஸ்பத்திரிக்கு இட்டாந்துட்டாரு."

"இன்னா சொல்றாங்க?" என்றேன்.

"இ.சி.ஜி.ல ஒண்ணும் பெர்சா இல்லியாம். உன் ட்ரோபோனின் எனக்கும் எட்த்தாங்க. நாப்பது சொச்சம். உன்னுதுல பாதிதான் மே."

எனக்கு உயிர் திரும்பி வந்தது. "அதுலயும் என்னாண்ட தோத்துட்டியா" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அங்கே இருக்கச் சொல்கிறார்கள், மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணுமாம், சென்னைக்கு அனுப்பினாலும் அனுப்புவார்களாம், இதெல்லாம் எதற்கு என்றார். பெனி போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நைனா, இருக்க சொன்னா இருந்துட்டு வா. காலைல அம்மாவ நான் இட்டுகினு போறேன்."

அவளுக்கு மறுநாள் பரீட்சை. அது அவருக்கும் தெரியும். பரீட்சைக்குப் போ, அம்மாவை எப்போதும் போல நானே கூட்டிப்போகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டார். என் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். கூடப் போன இன்சார்ஜ் அடக்கத்துக்கு வந்தபோது மீதியைச் சொன்னார். அங்கிருந்த டாக்டர் சின்ன வயசுப் பிள்ளையாம். போகாதீங்க, இந்த வலியோடு இந்த நம்பர் உங்களுக்கு நல்லதில்லை என்று வாசல் வரைக்கும் பின்னாலேயே வந்தாராம். என் வீட்டுக்காரர் அவர் தோளில் கை வைத்து, "பயப்படாத சார். என் ஊட்டுக்காரிக்கு எப்பவும் இதவிட ஜாஸ்தி. நல்லாத்தான் கீறா" என்று சொல்லிவிட்டு வந்தாராம்.

இருட்டிய பிறகு வீட்டுக்கு வந்தார். சட்டை முன்பக்கம் நனைந்திருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறார் என்று நினைத்தேன். எப்போதும் நனைகிற இடம்தானே. வியர்வை என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோசை சுட்டுத் தரட்டுமா என்று பெனி கேட்டாள், கேஸ் மாதிரி இருக்கிறது என்று வேண்டாம் என்றார். என் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து மிச்சத்தைப் பார்த்து, "இன்னிக்கு ஒழுங்கா குட்ச்சுக்கிற" என்று பாராட்டிவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையில் பெனி ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள், நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். வண்டியை ரொம்ப மெதுவாக ஓட்டினார். மாட்டு வண்டியா இது என்று பின்னாலிருந்து கேட்டேன். உள்ளே எடை பார்க்கிற இடத்தில் வழக்கம்போல் எட்டிப் பார்த்து எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது என்று ஷகிலா சிஸ்டரிடம் கணக்குச் சொன்னார். போர்வையைக் காலில் இழுத்துவிட்டு வெளியே போனார்.

என் கட்டிலில் இருந்து பார்த்தால், கதவு திறக்கும்போதெல்லாம் பெஞ்சின் ஓரம் தெரியும். அவர் அந்த ஓரத்தில்தான் உட்காருவார். கால் மேல் கால் போட்டுப் பாதத்தை ஆட்டிக்கொண்டே இருப்பார். முகம் தெரியாது, அந்தப் பாதம் மட்டும் தெரியும். கதவு திறக்கும், ஆடுகிற பாதம், கதவு மூடும். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வெளியே ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. பெஞ்சு தரையில் இழுபட்டது. யாரோ "கிரேஸ் அட்டெண்டர், கிரேஸ் அட்டெண்டர்" என்று கூப்பிட்டார்கள். மருந்துக்குக் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். கதவு திறந்தது. பெஞ்சு ஓரத்தில் பாதம் இல்லை. ஒரு செருப்பு மட்டும் தரையில் கிடந்தது.

ஷகிலா சிஸ்டர் வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் முகம் சரியில்லை. என்னைக் கழற்றி விடு என்றேன்.

"உன் ரத்தம் மெஷின்ல கீது கிரேசு. அத உள்ள உடாம எப்டிமா கழட்டுவேன்?"

என் ரத்தம் எனக்கு வேண்டாம் என்று கத்தினேன். அந்த அறையில் நான் எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், எல்லாம் விளையாட்டு. அன்றைக்கு யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மெஷினில் இருக்கிற ரத்தத்தை உப்பு நீர் விட்டு மெல்லத் தள்ளி உடம்புக்குள் சேர்க்க வேண்டும். அந்தப் பம்பு அதன் வேகத்தில்தான் சுற்றும். குழாய் சிவப்பாக இருந்தது, பிறகு ரோஸ் நிறமானது, பிறகு வெளுத்தது. அது வரைக்கும் நான் அங்கே படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் குழாய் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மெஷின்தான் என்னை உயிரோடு வைத்திருக்கிறது என்று எல்லாரும் சொல்வார்கள். அன்றைக்கு அதை உடைத்துப்போட வேண்டும் போல இருந்தது.

ஊசி பிடுங்கிய இடத்தைப் பஞ்சோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினேன். திரை மூடியிருந்தது. கீழே பல கால்கள் தெரிந்தன. மார்பை அழுத்துகிற சத்தமும், ஒருவர் எண்ணுகிற சத்தமும் கேட்டது. பிறகு எண்ணுவது நின்றது. வெளியே வந்த டாக்டர் என்னைப் பார்த்து இல்லை என்று தலையை ஆட்டினார். ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்த மனுஷனைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள்.

எவ்வளவு நேரம் அந்தச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. லேபில் இருந்து ஒரு பெண் காகிதத்தோடு வந்தாள். உள்ளே நடந்தது அவளுக்குத் தெரியாது.

"தேவராஜ் அட்டெண்டர் யாரு?"

அந்த ஆஸ்பத்திரியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்தேன். கொண்டுவந்ததும் எடுத்த ரத்தத்தின் முடிவு அது. அந்தக் காகிதத்தை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை, எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் நாற்பது சொச்சம் இருந்தது ஆயிரங்களில் நின்றது. ஏறுதா, நிக்குதா என்று பார்க்கணும் என்று சென்னை டாக்டர் சொன்னாரே, அது ஏறியிருந்தது.

வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் எல்லாம் அழுது களைத்திருக்கிறாய், கொஞ்சம் கலர் சோடா குடி, காபி குடி என்று எதையாவது நீட்டினார்கள். பாதியில் நிறுத்திய டயாலிசிஸ், உடம்பெல்லாம் நீர், மூச்சு இரைத்தது. எவ்வளவு குடிக்கலாம் என்று கேட்க நான் வீடு முழுக்க அவரைத் தேடினேன். நிஜமாகத்தான் தேடினேன். பெனிதான் பாட்டிலைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அடக்கம் முடிந்த மறுநாளே என்னைத் திரும்ப அந்த மெஷினில் படுக்க வைத்தார்கள். ஷகிலா சிஸ்டர் ஊசி குத்தினார். நான் திட்டவில்லை. அவர் அழுதுவிட்டார்.

பிறகு ஒரு நாள் டாக்டரம்மாவிடம் கேட்டேன், என்னுடையதில் பாதிதானே இருந்தது, எப்படிச் செத்தார் என்று. அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். சிறுநீரகம் நல்லபடி இருக்கிற ஆளுக்கு அந்த நம்பர் இருந்தும் இல்லாத மாதிரி, ரொம்பக் கொஞ்சமாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு எழுபது என்பது எப்போதும் அப்படியே நிற்கிற அளவு, அவருக்கு நாற்பது என்பது அடி விழ ஆரம்பித்துவிட்டது என்கிற அளவு. ஒருவருடைய அளவை வைத்து இன்னொருவரை அளக்கவே கூடாது. அவருடைய மீட்டர் கதை அப்போது நினைவுக்கு வந்தது. ஃபர்னஸ் பக்கத்து மீட்டர் மேலே நின்றால் பயமில்லை, சரிதான். அதில் பாதிச் சூடு ஆபீஸ் ரூமில் காட்டினால், உள்ளே தீப்பிடித்திருக்கிறது என்று அர்த்தம். மில்லில் அவ்வளவு காலம் இருந்தவருக்கு அது தெரியாதா? தன்னைத்தானே ஒரு தடவை கேட்டிருந்தால் உடனே தெரிந்திருக்கும். தன்னை நோயாளி என்று நினைத்தால்தானே கேட்பதற்கு.

சிரித்தாயே என்று என்னை நானே கேட்டுக்கொள்கிறேனா என்றால், இல்லை. அவர் என்னைப் பயமுறுத்தக் கூடாது என்று அப்படிச் சொன்னார், நான் அவரைப் பயமுறுத்தக் கூடாது என்று சிரித்தேன். அப்படித்தான் இத்தனை காலமும் அந்த நோயோடு குடும்பம் நடத்தினோம். வேறு எப்படி நடத்துவது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இதைப் படிக்கிற உங்களுக்குச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் என்னைப் போல ஒரு நோயாளி இருந்தால், கூடவே வருகிறவருக்கும் ஒரு உடம்பு இருக்கிறது. அவருக்கு நெஞ்சு வலித்தால் உங்கள் ஃபைலை எடுத்துப் பார்க்காதீர்கள். இரு என்றால் இருக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவையும் ரத்தம் எடுக்கட்டும்.

போன வாரம் எனக்கு வழக்கமான பரிசோதனை வந்தது. அவர் போன பிறகு இதுதான் முதல் தடவை. பெனி பெஞ்சில் அதே ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷகிலா சிஸ்டர் கதவைத் திறந்து பழக்கத்தில் "கிரேஸ் அட்டெண்டர்" என்று கூப்பிட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெனி எழுந்து ஃபைலோடு வந்தாள்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். இந்தத் தடவை அது ஏறியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஏறாமல் எப்படி இருக்கும்? நான் தூங்கி எவ்வளவு நாளாகிறது, ராத்திரியும் பகலும் நெஞ்சுக்குள் கையை விட்டுப் பிசைகிற மாதிரி வலிக்கிறது. ஏறியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஆசைப்பட்டேன்.

"பயப்படாதீங்கம்மா, எப்பவும் இருக்கிறதுதான்" என்றார்.

கொஞ்சம்கூட ஏறவில்லையா என்று கேட்டேன். அதே அளவுதான் என்று காகிதத்தை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எழுபதுக்கு மேலே, எண்பதுக்குள்ளே. பெனி பெருமூச்சு விட்டு அதை வாங்கி ஃபைலில் வைத்தாள். வெளியே வந்ததும் நான் பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தேன். அவள் பயந்துபோய் என் கையைப் பிடித்தாள்.

"ரிப்போர்ட்டு நல்லாத்தானேமா கீது, ஏன் அழுவுற?"

"அதான்டி" என்றேன். "உங்க நைனா பூட்டாருன்னு இதுக்குத் தெரியவே இல்ல."